நோவும் குடலும்

அன்புள்ள பிள்ளைக்கு,

உடம்பெல்லாம் நோகிற உன்னுடைய ஃபைப்ரோமயால்ஜியா வருத்தத்துக்கு, குடலுக்கு நல்ல பக்டீரியா அடங்கிய குளிசை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே, அந்தக் காசுக்குக் கொண்டைக்கடலையும் கீரையும் வாங்கு. ஆனால் குடலுக்கும் நோவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று நீ வாசித்தது வெறும் கதையில்லை.

கனடாவில் மொன்றியலிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வில் 156 பேரைப் பார்த்தார்கள். அதில் 77 பெண்களுக்கு உனக்குள்ள வருத்தம். அவர்களுடைய குடலில் சில பக்டீரியா இனங்கள் கூடியும் சில குறைந்தும் இருந்தன. குறைந்தவற்றில் ஒன்று பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலத்தை உண்டாக்குவது. பெருங்குடல் உட்சுவரின் கலங்கள் அதில்தான் பெரும்பாலும் சீவிக்கின்றன. ஆனால் பக்டீரியா மாறியதால் நோ வந்ததா, நோ வந்ததால் பக்டீரியா மாறியதா என்பதை அந்த ஆய்வு தீர்த்துவைக்கவில்லை. ஆகவே மருந்தை விட்டுவிட்டுச் சாப்பாட்டை மட்டும் நம்பி இராதே, பிள்ளை.

நார்ச்சத்து நாளுக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும். கடலையை இரவு ஊறப்போட்டு, அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணியில் மசிய அவி. வாய்வைக் கிளப்புகிற சீனிச்சத்தில் ஒரு பங்கு ஊறின தண்ணியோடு போய்விடும். முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டி போதும், வயிறு பழகினால் அரைக் கோப்பை. குரக்கன் பிட்டு, சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை எல்லாம் நல்லவை. தண்ணியும் கூடக் குடி, இல்லாவிட்டால் மலம் இறுகும்.

பழஞ்சோறும் நல்லதுதான். சோறு ஆறும்போது செரிக்காத மாச்சத்துக் கூடும். அது பக்டீரியாவுக்குத் தீனி. ஆனால் இரவு முழுக்க வெளியே வைக்காதே. சோற்றில் பெருகும் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியா விடுகிற நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் பிறிஜ்ஜில் வைத்து, அடுத்த நாளே தயிர் விட்டுச் சாப்பிடு. சின்னவெங்காயம் பொருமலைத் தந்தால் அதை மட்டும் விடு.

இபுபுரோஃபன் என்ற நோக் குளிசையை நாளாந்தம் போடாதே. இரைப்பையையும் குடலையும் புண்ணாக்கும், இந்த நோவுக்கு அவ்வளவாகக் கேட்கவும் மாட்டாது. டாக்டர் தந்த இரவுக் குளிசையை நீயாக நிறுத்தவும் வேண்டாம்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவு, மூட்டு வீக்கம், இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே டாக்டரிடம் போ. தைரொயிட்டுக்கு இரத்தம் எடுத்தார்களா என்றும் கேள். பதில் வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா
யாழ்ப்பாணம்