அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு

ஆசிரியருக்கு வணக்கம்.

பெங்களூரு பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் அட்சரேகை, தீர்க்கரேகைக்கு விளக்கம் ஒப்பிக்கிறார்கள். அந்த எண்களை வைத்து ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால் விழிக்கிறார்கள். ஒரு பாடவேளையும் ஒரு கைபேசியும் போதும்.

கூகுள் மேப்ஸில் விதான சௌதாவைப் பெரிதாக்கி, விரலால் அழுத்திப் பிடித்தால் சிவப்பு ஊசி விழும். 12.9797, 77.5907 என்பதை ஒட்டிய எண்கள் வரும். அவற்றை மட்டும் சீட்டில் எழுதி அடுத்த மாணவரிடம் கொடுத்து, என்ன இடம் என்று கேட்க வேண்டும்.

வழக்கமான பிசகு, வரிசை மாறுவது. 77 முதலில் வந்தால் ஊசி ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் போய் நிற்கும். வகுப்பே சிரிக்கும், அப்புறம் வரிசை மறக்காது.

இன்னொன்று சட்டென்று பிடிபடாது. அட்லஸில் உள்ள 12°58′ஐ அப்படியே 12.58 என்று தட்டிவிடுவார்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் அல்லவா? 58ஐ 60ஆல் வகுத்தால் 0.967, ஆகவே 12.967 என்றுதான் தர வேண்டும். 12.58 என்று தந்தால் சுமார் 43 கி.மீ. தெற்கே தள்ளிப்போகும். வரைபடம் எச்சரிக்காது, கேட்ட இடத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

அட்சரேகையில் தசமத்துக்குப் பின் இரண்டாம் இலக்கம் ஒன்று கூடினால் 1.1 கி.மீ. நகரும், நான்காம் இலக்கம் என்றால் 11 மீட்டர். பள்ளி வாசலைக் காட்ட நான்கு இலக்கம் தாராளம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே கைபேசியின் ஜி.பி.எஸ். அதற்குமேல் துல்லியம் தராது.

— புவியியல் ஆசிரியர்கள் சிலர், அல்சூர், பெங்களூரு