வகுப்பறையும் ஆய்வுக்களமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் கணக்கில் கொள்ளப்படுவதால், பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களைச் சிலர் நாடுகின்றனர். தரமான இதழ்களை அடையாளம் காட்டப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தனி ஏற்பாடே செய்ய வேண்டியதாயிற்று. இத்தனை அலைச்சலுக்கு நடுவே, நாள்தோறும் நாம் நிற்கும் வகுப்பறையும் ஆய்வுக்களமே என்பது நினைவுக்கு வருவதில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், தேர்வுக் கணக்குகளைச் சரியாகப் போட்ட தம் மாணவர்கள் பலருக்கு நியூட்டனின் விதிகள் விளங்கவே இல்லை என்பதை எளிய வினாத்தாள் ஒன்றால் கண்டறிந்து, அருகிலிருப்பவரோடு வாதிட்டு விடை காணும் முறையை 1991-இல் தம் வகுப்பில் புகுத்தினார். 2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 225 ஆய்வுகளைத் தொகுத்தபோது, வழக்கமான விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினரும், மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 21.8 விழுக்காட்டினரும் தோல்வியுற்றது தெரியவந்தது.

வகுப்பறையில் இவ்வாறு ஆய்வு செய்ய விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வினாக்களைக் கேட்டு ஒப்பிட்டாலே போதும். நான் அவ்வாறு செய்தபோது, மிகச் சிறப்பாக நடத்தியதாக நம்பியிருந்த பாடத்தில்தான் மாணவர்களின் முன்னேற்றம் மிகக் குறைவாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளவே எனக்குச் சில நாள்கள் ஆயின.

வினாக்களை வடிவமைக்கவும், மாணவர் ஒப்புதல் பெறவும், தரவுகளைப் பகுத்தறியவும் ஆசிரியர்களுக்கான புத்தாக்கப் பயிற்சிகளில் கற்பிப்பதோடு, இத்தகைய வகுப்பறை ஆய்வுகளைப் பதவி உயர்வுக்கும் உயர்கல்வித் துறை ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
திருநெல்வேலி.