மதுரையிலிருந்து ஒரு கடிதம்: சைக்கிளுக்கு ஹெல்மெட் வேண்டுமா?

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. உன் மகன் சைக்கிளில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா மகள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், அரசு சைக்கிளும் கைக்கு வந்தாயிற்று. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து தேனி ரோட்டில் லாரிகளுக்கு ஓரமாகப் போய் வருகிறாள்.

அவளுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன். "இந்தத் தெருவில் சைக்கிளுக்கு யார் ஹெல்மெட் போடுகிறார்கள்?" என்று அக்கா சத்தம் போட்டாள். மதுரை வெயிலில் அது தேவையா என்று நீயும் கேட்டிருக்கிறாய். தேவைதான், மாப்ள.

ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது கல்யாண மேடையில் வெட்டி ஒட்டும் தெர்மாகோலின் அடர்த்தியான வகை. தலை தரையில் மோதும்போது அது நசுங்குகிறது. அந்த நசுங்கலுக்கு ஆகும் துளி நேரத்தில் வேகம் குறைந்து, மூளைக்குப் போகும் அடி தணிகிறது. ஐரோப்பியத் தரமான இஎன் 1078 சோதனையில் ஹெல்மெட்டைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டுப் பார்க்கிறார்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதற்குச் சமம். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவர் தலை ஏறக்குறைய அந்த உயரத்தில்தானே இருக்கிறது! மணலில் சறுக்குவது, பெயின்ட் அடிக்காத வேகத்தடையில் தூக்கிப் போடுவது, நாய் குறுக்கே ஓடுவது, இதற்கெல்லாம்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

"பஸ் மோதினால் ஹெல்மெட் என்ன செய்யும்?" என்கிறார்கள். பெரிதாக ஒன்றும் செய்யாதுதான். ஆனால் சைக்கிளில் விழுகிறவர்கள் எல்லோரும் பஸ் மோதியா விழுகிறார்கள்? பந்தய வீரர்களே ரொம்ப காலம் வேண்டாமென்றுதான் இருந்தார்கள். 2003 பாரிஸ்-நீஸ் சைக்கிள் பந்தயத்தில் ஆந்த்ரேய் கிவிலெவ் என்ற வீரர் விழுந்து தலையில் அடிபட்டு இறந்த பிறகுதான் அவர்களுக்கும் கட்டாயமானது.

ஆனால் அதற்காகச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவில் உங்கள் விக்டோரியா மாநிலம் 1990-லேயே, உலகத்தில் முதலாவதாக, சைக்கிளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. இங்கே மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவு பைக்கோடு நின்றுவிடுகிறது. அப்படியே இருக்கட்டும். நம் ஊரில் தினமும் சைக்கிள் மிதிப்பவர் யார்? நைட் ஷிப்ட் முடிந்து திரும்பும் வாட்ச்மேன், கேரியரில் வாழை இலைக்கட்டு வைத்துப் போகும் பெரியவர். கோரிப்பாளையத்தில் மறித்து அவர்களிடம் அபராதம் வாங்கினால், ஹெல்மெட் வாங்க மாட்டார்கள், சைக்கிளைத்தான் விடுவார்கள். நெதர்லாந்தில் சைக்கிள் ஓட்டும் பெரும்பாலானவர்கள் ஹெல்மெட் போடுவதில்லை. அங்கே அவர்களுக்கென்று தனிப்பாதை இருக்கிறது. வைகை மேலே இருக்கும் நம் ஏ.வி. பாலத்தில் சைக்கிளுக்கு ஒரு முழம் இடம் உண்டா, சொல்! அந்த இடத்தைக் கொடுக்க வேண்டியது அரசு, ஹெல்மெட் வாங்கிக் கொடுக்க வேண்டியது வீட்டில் உள்ள நாம். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போடக் கூடாது என்பதில் எனக்குக் கோபமே உண்டு.

அப்புறம், போட்டால் சரியாகப் போட வேண்டும். அக்கா மகள் முதலில் நெற்றி முழுக்கத் தெரியும்படி பின்னால் தள்ளிப் போட்டாள். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம்தான் இருக்க வேண்டும். மடித்துக் கட்டிய இரட்டைச் சடையில் வார் போய்ச் சிக்கியது. ரிப்பனை ஒரு விரல் கீழே இறக்கிக் கட்டிவிட்டோம், வார் இரண்டும் காதுக்குக் கீழே ஒழுங்காகச் சேர்ந்துகொண்டன. தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும். காற்றுப் போக நிறைய துளை இருப்பதால் வெயிலிலும் சமாளிக்கிறாள்.

அவள் தம்பிக்கும் ஒன்று வேண்டும். தலைச் சுற்றளவு 52 சென்டிமீட்டர். இங்கே பார்த்த கடைகளில் அந்த அளவு இல்லை, பெரிதாக வாங்கினால் ஆடும். தையில் வரும்போது ஒன்று வாங்கி வா, பணம் தந்துவிடுகிறேன். உன் மகனுடைய பழையதைக் கொண்டுவந்துவிடாதே. ஒரு தடவை நசுங்கிய தெர்மாகோல் மறுபடி உதவாது, அது எங்கே இடிபட்டதோ யாருக்குத் தெரியும்.

அன்புடன்,
உன் நண்பன்