கேப் டவுன் மியூசியத்தில் மூடப்பட்ட காட்சி

தஞ்சாவூர்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. இடது கையில் கட்டோடு நான்கு பக்கம் எழுதியிருக்கிறாயே, உன்னை என்ன சொல்ல! மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்களா? பிரித்ததும் விட்டுவிடாதே. கைக்குச் சொல்லித்தருகிற பயிற்சியை விடாமல் செய். இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தேன்மொழிக்குத் தென்னாப்பிரிக்காவில், கேப் டவுனில் வேலையை நீட்டித்துவிட்டார்கள். தையில் நடக்கவேண்டிய கல்யாணப் பேச்சு அதனால் தள்ளிப்போயிருக்கிறது. அவளுக்குச் சந்தோஷம்தான், எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

அவளோடு தங்கியிருந்தபோது போன மியூசியத்தில், சான் என்கிற அந்த நாட்டுப் பழங்குடி மக்களின் உருவங்கள் வைத்த ஒரு காட்சியை மூடிவிட்டதைப் பற்றிப் போனில் பாதி சொல்லி விட்டுவிட்டேன். நீ அதைப் பிடித்துக்கொண்டு, "பிடிக்காத வரலாற்றையெல்லாம் இப்படி மூடிக்கொண்டே போனால் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?" என்று எழுதியிருக்கிறாய். காலம் முழுக்க வரலாறு நடத்தியவள் கேட்கிற கேள்வி, ஒரு வரியில் பதில் சொல்லிவிட மனசு வரவில்லை.

ஊர் நடுவே ஒரு பழைய தோட்டம். டச்சுக் கம்பெனிக்காரர்கள் கப்பல்களுக்காகக் காய்கறி பயிரிட்ட இடம். அதை ஒட்டித்தான் மியூசியம். 1825இல் தொடங்கியது, இப்போதுள்ள கட்டடம் 1897இல் திறந்தது. மேலேயிருந்து தொங்கும் திமிங்கல எலும்புக்கூடுகள், பஞ்சடைத்த விலங்குகள், புதைபடிவங்கள். நம் பாட்டிமார்கள் 'செத்த காலேஜ்' என்பார்களே, அந்த எழும்பூர் மியூசியம் போலத்தான். இங்கேதான் 1960இலிருந்து 2001 வரை அந்த டயோரமா, அதாவது உருவங்களை வைத்து அமைத்த காட்சி, இருந்தது. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் கரூ என்கிற வறண்ட நிலம், அதில் 'புஷ்மென்' என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த சான் மக்களின் ஒரு முகாம். ஆண், பெண் எல்லாம் ஆளுயர உருவங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக அழைத்துவந்து காட்டியிருக்கிறார்கள். மியூசியத்திலேயே ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்த காட்சி அதுதானாம்.

அந்த உருவங்கள் உயிரோடிருந்த மனிதர்களின் உடம்பில் நேரடியாக எடுத்த அச்சுகள், வசந்தா. 1906இல் மியூசியத்துக்கு இயக்குநராக வந்தவர் லூயி பெரிங்கே. வண்டுகளைப் பற்றி ஆராய்ந்து பெயர் வாங்கியவர். சான் மக்கள் ஒரு 'தூய இனம்', சீக்கிரம் அழிந்துபோய்விடுவார்கள், அதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். மியூசியத்தில் உருவங்கள் செய்கிற ஜேம்ஸ் ட்ரூரியை ஊர் ஊராக அனுப்பினார். 1907 முதல் 1924 வரை அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உடம்பில் அச்சு எடுத்திருக்கிறார்கள். துணியைக் களைந்து நிற்கவைத்து, அந்தரங்க உறுப்புகள் வரை குறித்துக்கொண்டிருக்கிறார்கள். பிளாஸ்டர் இறுகும்போது சுடும் என்பது உனக்குத் தெரியும். முழங்கைக்குக் கீழே போட்டதற்கே, முதல் நாள் சூடு தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். உனக்கு அது எலும்பு கூடுவதற்காகப் போட்டது. அவர்களுக்கு எதற்கு? நிறையப் பேர் ஏழைக் கூலிகள். ஆட்களைத் தேடிக்கொடுத்ததில் அரசாங்க அதிகாரிகளுக்கும் பங்கு உண்டு. அதிகாரி கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

முதலில், 1911 வாக்கில், இந்த அச்சுகளைத் தனித்தனியாகக் கண்ணாடிப் பெட்டியில் 'இன மாதிரி'களாக வைத்தார்கள். ஐம்பது வருஷம் கழித்துத்தான் அவற்றிலிருந்து சிலவற்றை எடுத்து முகாம் காட்சியாக்கினார்கள். அதற்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது 1800களின் தொடக்கத்தில் சாமுவேல் டேனியல் வரைந்த ஒரு படம். நம் பெரிய கோவிலையும் மதுரையையும் வரைந்த டேனியல்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களில் தாமஸுக்குச் சகோதரர் மகன், வில்லியமுக்குத் தம்பி இந்தச் சாமுவேல். ஆப்பிரிக்காவில் வரைந்து முடித்துவிட்டு இலங்கைக்கு வந்து அங்கேயே 1811இல் இறந்துபோனார். படங்கள் அழகானவை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அச்சு எடுக்கப்பட்டவர்கள் அந்தப் படத்தில் இருந்த ஆட்கள் இல்லையே. 1910 வாக்கில் பிரீஸ்கா, கார்னார்வன் பக்கத்துப் பண்ணைகளில் கூலி வேலை செய்தவர்கள் அவர்களில் பலர். பாட்டன் காலத்திலேயே நிலம் போயிற்று. குடியேறிகள் குதிரைப்படை கட்டிக்கொண்டு வந்து ஆண்களைச் சுட்டார்கள், குழந்தைகளைப் பண்ணை வேலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பேசிய மொழியும் மெல்ல மெல்லப் போய்விட்டது. இவ்வளவையும் பட்டுத் தப்பிய ஒருவரைப் பிடித்து, கூலிக்காரரின் கால்சட்டையைக் கழற்றி, நூறு வருஷத்துக்கு முந்தைய வேட்டைக்காரராக்கி நிற்கவைத்தால், நடுவில் நடந்தது எங்கே போயிற்று? கொலை செய்தவன் எங்கே? நிலத்தை எடுத்துக்கொண்டவன் எங்கே? அந்தக் கண்ணாடிக்குள் வெள்ளைக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. மூடினால் வரலாறு மறைந்துவிடும் என்கிறாய். திறந்திருந்த நாற்பது வருஷமும் அந்தக் காட்சிதான் அதை மறைத்துக்கொண்டிருந்தது. எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 1960களில் அந்த மியூசியத்தின் சேகரிப்புகளைப் பிரித்தார்கள். ஐரோப்பியக் குடியேறிகளின் வரலாற்றுப் பொருள்கள் 'பண்பாட்டு வரலாற்று மியூசியம்' என்று வேறு கட்டடத்துக்குப் போயின. சான் மக்களும் கறுப்பின மக்களும் மட்டும் திமிங்கலம், மான், பறவைகளோடு இங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. அங்கே போகிற குழந்தைக்கு யாரும் எதையும் விளக்க வேண்டாம், சுற்றி வந்தாலே பாடம் மனசில் ஏறிவிடும். குடியேறிகளின் பொருள்கள் போய்ச் சேர்ந்த கட்டடம் எது தெரியுமா? 1679இல் கம்பெனி தன் அடிமைகளை அடைத்துவைக்கக் கட்டியது. வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுபோன மனிதர்கள் கேப் டவுனில் இருந்திருக்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்குள் நின்றபோது எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை.

இதே ஊரில், அச்சு எடுக்கத் தொடங்குவதற்கு முப்பது நாற்பது வருஷம் முன்னால், வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1870களில் வில்லெம் பிளீக் என்கிற மொழி அறிஞரும் அவருடைய மைத்துனி லூசி லாயிடும், சிறைக்கு வந்திருந்த, க்ஸாம் என்கிற சான் மொழி பேசியவர்களைத் தங்கள் வீட்டில் தங்கவைத்து அவர்கள் சொன்ன கதைகளை எழுதிக்கொண்டார்கள். அவர்களில் கபோ என்கிற பெரியவர் ஒருவர். தண்டனைக் காலம் முடிந்த பிறகும், தன் ஜனங்களின் கதைகள் புத்தகத்தில் வரவேண்டும் என்பதற்காகக் கூடுதல் காலம் தங்கிச் சொன்னார். அவரும் கைதிதான், அவருக்கும் சுதந்திரம் இல்லை. ஆனாலும் அந்த நோட்டுகளில் அவர் பெயர் இருக்கிறது, பேச்சு இருக்கிறது. இப்போது யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் அவை இடம்பெற்றிருக்கின்றன. பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்று கேட்டாயே, இதைக் காட்டலாம்.

சரி, மூடிய கதைக்கு வருகிறேன். 1980களின் கடைசியில் அச்சு எடுத்த விவரங்களையும் எடுக்கப்பட்டவர்களைப் பற்றிய தகவலையும் பக்கத்தில் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். 1996இல் அதே ஊரின் தேசியக் கலைக்கூடத்தில் பிப்பா ஸ்காட்னெஸ் என்கிற கலைஞர், இந்த அநியாயத்தை விமர்சித்தே ஒரு கண்காட்சி வைத்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் ஓர் அறையில் தரையெல்லாம் அந்த மக்களைப் பற்றிய படங்களையும் செய்திகளையும் பதித்திருந்தார், வருகிறவர்கள் அதன்மேல் நடந்தே ஆகவேண்டும். எங்கள் முன்னோரைக் காலால் மிதிக்கச் சொல்கிறீர்களா என்று அந்தச் சமூகத்தவரே கொதித்துப்போனார்கள். நியாயமான கோபம். அப்புறம் 2001 ஏப்ரலில், புதிதாக வந்த நிர்வாகம் டயோரமாவைப் பலகை அடித்து மூடியது.

உன்னைப் போலவே அங்கேயும் பலர் எதிர்த்தார்கள். சான் வழிவந்தவர்களிலேயே இரண்டு பக்கம். மூடியது சரி என்றவர்களும் உண்டு, எங்களைக் கேட்காமல் எப்படி மூடலாம் என்றவர்களும் உண்டு. இந்த இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். அச்சு எடுத்தபோதும் கேட்கவில்லை, காட்சி வைத்தபோதும் கேட்கவில்லை, மூடும்போதாவது எல்லோரையும் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். அதற்கு ஒரு வருஷம் முன்புதான், 2000இல், அந்த நாடு அழிந்துபோன க்ஸாம் மொழியிலேயே தன் தேசிய வாசகத்தை எழுதிக்கொண்டது. அதன் அரசுச் சின்னத்தில் இருக்கும் இரண்டு மனித உருவங்களும் இதே மியூசியத்தில் உள்ள ஒரு சான் பாறை ஓவியத்திலிருந்து எடுத்தவை. அந்த அளவு மரியாதை செய்யத் தெரிந்தவர்களுக்கு இதுவும் முடிந்திருக்கும்.

இது அந்த ஊர்க் கதைதானே என்று நீ விட்டுவிட மாட்டாய், தெரியும். எழும்பூர் மியூசியத்துக்கு 1885இலிருந்து 1908 வரை தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோலும் இடுக்கியும் வைத்துக்கொண்டு நம் ஜனங்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர்தான். அளந்த கணக்கெல்லாம் 1909இல் ஏழு தொகுதிகளாக வந்து, இன்றைக்கும் சாதிப் பெருமை பேசுகிறவர்கள் அதிலிருந்து மேற்கோள் காட்டுகிறார்கள். நீயும் நானும் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போனபோது, அங்கே இப்படியெல்லாம் நடந்தது என்று சொல்லும் ஒரு பலகையையாவது பார்த்திருக்கிறோமா?

அந்த அச்சுகளை உடைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவை ஒவ்வொருவரின் முகம், யாருடைய கொள்ளுப்பாட்டியோ. வெளியே வைக்கவும் கூடாது. குடும்பங்களைத் தேடிப் பிடித்து, இது உங்கள் பாட்டியின் உருவம், என்ன செய்யட்டும் என்று கேட்க வேண்டும். புதைக்கச் சொன்னால் புதைக்கட்டும், பாதுகாக்கச் சொன்னால் பாதுகாக்கட்டும். அதற்கு எத்தனை வருஷம் ஆனாலும் பலகை அப்படியே இருக்கட்டும்.

இதற்கும் உனக்கு மறுப்பு இருந்தால் கை சரியானதும் எழுது. பொங்கலுக்கு முன்னால் ஒரு வாரம் இங்கே வந்து இரேன். தேன்மொழி எடுத்த படங்களையெல்லாம் காட்டுகிறேன், பாறை ஓவியங்களை நீ அவசியம் பார்க்க வேண்டும். அண்ணனுக்கு என் நமஸ்காரம் சொல். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மல்லிகா