எயர் நெடுஞ்சாலைக் கதைகள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பெர்த்திலேயே வேலை கிடைத்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். இனி நீங்கள் இரண்டு பேரும் அடிக்கடி இந்தப் பக்கம் வந்து போவீர்கள், எனக்கு வேறென்ன வேண்டும்! இங்கே எல்லோரும் நலம். பெரியவன் இன்னும் கல்கூர்லி சுரங்கத்தில்தான் இருக்கிறான். என் முழங்கால் வலிதான் போவதும் வருவதுமாக இருக்கிறது. அதைப் பற்றி நேரில் புலம்பிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தில் பாதிக்குமேல் நிறைந்திருந்த விஷயத்துக்கு வருகிறேன். அடிலெய்டிலிருந்து மகளின் சாமான்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் தெற்கு ஓரமாக மேற்கே வரும் எயர் நெடுஞ்சாலை வழியாக வரலாம் என்று நினைத்தாயாம். வழியில் இருக்கும் ஒரு ரோட்ஹவுஸைப் (பெட்ரோல் பம்பும் சாப்பாடும் தங்க அறையும் சேர்ந்த சாலையோர நிறுத்தம்) பற்றி நாலு பேர் நாலு விதமாகச் சொன்னதும் டிரெய்லரை விற்றுவிட்டு விமானத்தில் வந்துவிடலாமா என்று யோசிக்கிறாயாம். டீசலில் தண்ணீர் கலக்கிறார்கள், பம்ப் அளவு குறைக்கிறது, இரவில் தங்கினால் சாமான் காணாமல் போகும், எப்படியும் அந்த இடத்தைச் சீக்கிரம் இழுத்து மூடப்போகிறார்கள். நீ கேள்விப்பட்டது இவ்வளவும். அந்த ரோட்ஹவுஸின் பெயரையும் எழுதியிருந்தாய். நான் அதைத் திருப்பி எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தப் பேச்சுக்கு நானும் ஒரு கை கொடுத்ததாகிவிடும்.

முதலில் அந்தச் சாலையைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள். கிழக்கே செடூனாவிலிருந்து மேற்கே நார்ஸ்மன் வரை சுமார் 1,200 கிலோமீட்டர். நடுவில் பெரிய ஊர் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. பெரும்பாலும் இருப்பது ரோட்ஹவுஸ்கள்தான்: நண்ட்ரூ, நல்லர்போர், பார்டர் வில்லேஜ், யூக்லா, மண்ட்ரபில்லா, மதூரா, காக்கிள்பிடி, கைகுனா, பல்லடோனியா. பெட்ரோல், சாப்பாடு, படுக்கை, பஞ்சர் ஒட்டுவது, அவசரத்துக்கு ஒரு போன், எல்லாமே அங்கேதான். கைகுனாவுக்கும் பல்லடோனியாவுக்கும் நடுவில் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத நேர்ச்சாலை. அந்த மாதிரி இடத்தில் ஓட்டிக்கொண்டு போகிறவனுக்கு மனது எதையாவது மென்றுகொண்டே இருக்கும். போன நிறுத்தத்தில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை அடுத்த நிறுத்தத்துக்குள் கதையாகிவிடும்.

அளவு குறைகிறது என்ற பேச்சு எப்படிக் கிளம்புகிறது என்று எனக்குத் தெரியும், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிழக்கிலிருந்து மேற்கே வரும்போது பல நாட்கள் எதிர்க்காற்று அடிக்கும். பின்னால் கேரவனோ டிரெய்லரோ இருந்தால் வண்டி குடிக்கும் எண்ணெய் நகரத்துக் கணக்குக்கு அடங்காது. அடிலெய்டில் ஒரு டேங்குக்கு எவ்வளவு ஓடும் என்று மனப்பாடமாக வைத்திருப்பவர், இங்கே முள் சரசரவென்று இறங்குவதைப் பார்த்ததும் காற்றைச் சந்தேகப்படுவதில்லை, பம்பைச் சந்தேகப்படுகிறார். இந்த நாட்டில் பெட்ரோல் பம்புகளின் அளவு சட்டப்படி சரிபார்க்கப்படுகிறது. 2010இலிருந்து அது மத்திய அரசின் தேசிய அளவீட்டு நிறுவனத்தின் பொறுப்பு. சந்தேகம் இருந்தால் அவர்களிடம் புகார் கொடுக்கலாம், விசாரிப்பார்கள். புகார் கொடுக்காமல் அடுத்த கடையில் உட்கார்ந்து பேசுவதில் யாருக்கு என்ன லாபம்?

தண்ணீர் கலந்த டீசல் கதையும் அப்படித்தான். ஒரு முறை நான் டீசல் போட்ட அதே பம்பில் எனக்கு முன்னால் ஒருவர் போட்டுக்கொண்டு போனார். அடுத்த நிறுத்தத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பானெட்டைத் திறந்து வைத்து நின்றுகொண்டிருந்தார். வண்டி இழுக்கவில்லை, புகை வருகிறது, டீசலில் தண்ணீர் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களில் இரண்டு பேர் அந்தப் பம்பின் பெயரைக் குறித்தும்கொண்டார்கள். அங்கே வேலை செய்கிற ஒரு பெரியவர் வந்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். ஃபில்டரைக் கழற்றி சிமெண்ட் தரையில் தட்டினார். செம்மண் குவியலாகக் கொட்டியது. மடிப்புக்கு மடிப்பு அடைத்துப் போயிருந்தது. வரும் வழியில் ஏதோ மண் பாதையில் சில நாள் சுற்றிவிட்டு வந்திருக்கிறார் மனிதர். எரிபொருள் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகையும் திறந்து ஒரு பாட்டிலில் பிடித்துக் காட்டினார் பெரியவர். தேன் நிறத்தில் சுத்தமான டீசல், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஃபில்டரைத் தட்டிப் போட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் பெயரைக் குறித்துக்கொண்ட அந்த இரண்டு பேரும் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார்கள். அவர்கள் எங்கெங்கே என்ன சொன்னார்களோ! உன் காதுக்கு வந்ததே அந்தக் கதையின் பேரனாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

விலை அதிகம் என்பது மட்டும் வதந்தியில்லை, உண்மை. நகரத்தில் போடுகிற விலையை நினைத்துக்கொண்டு போகாதே. அங்கே மின்கம்பி கிடையாது. விளக்கு, ஃபிரிட்ஜ், பம்ப் எல்லாமே பெரும்பாலும் அவர்களுடைய சொந்த ஜெனரேட்டரில் ஓடுகிறது, அதற்கும் அதே லாரியில்தான் டீசல் வரவேண்டும். மழை குறைவு. நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு, சுத்திகரித்துத்தான் புழங்க முடியும். டேங்கில் தண்ணீர் பிடித்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று உனக்கு யாரோ குறைப்பட்டுச் சொல்லியிருக்கிறார்கள், காரணம் இதுதான். நீயே இருபது லிட்டர் கேன் ஒன்றைச் செடூனாவில் நிரப்பிக்கொண்டு வா. கல்லாவில் நிற்கிற பிள்ளைகளில் பல பேர் விடுமுறை விசாவில் எங்கிருந்தோ வந்து வேலை செய்பவர்கள். இருபது வயதுகூட இருக்காது. விலைப்பலகையை அவர்கள் எழுதுவதில்லை, ஆனால் திட்டு முழுவதும் அவர்களுக்குத்தான் விழுகிறது. அதைப் பார்த்தால் எனக்கு மனது பொறுப்பதில்லை.

இன்னொரு புகாரும் எழுதியிருந்தாய், "நேரத்துக்கு முன்னாலேயே சமையலறையை மூடிவிடுகிறார்கள்" என்று. இதற்கு விடை கடிகாரத்தில் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலிய மாநில எல்லை தாண்டியதிலிருந்து கைகுனா வரை அவர்கள் தனி நேரம் வைத்திருக்கிறார்கள், பெர்த்தைவிட 45 நிமிடம் முன்னால். சட்டப்படியான நேரமில்லை, ஆனால் அங்கே எல்லோரும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். உன் கைபேசி பெரும்பாலும் பெர்த் நேரத்தையே காட்டும். நீ ஏழேகால் என்று நினைத்து உள்ளே போவாய், அவர்கள் சுவரில் எட்டு மணி. சாலையோரத்தில் கடிகாரத்தை மாற்றச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள், பார்த்துக்கொள்.

எல்லையில் சாப்பாட்டுப் பொருளைப் பிடுங்கி ரோட்ஹவுஸ் சமையலறைக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்ற பேச்சு அபாண்டம். பார்டர் வில்லேஜில் சோதிப்பவர்கள் மேற்கு ஆஸ்திரேலிய அரசின் தாவரப் பாதுகாப்பு அதிகாரிகள். பழ ஈயும் மற்றப் பூச்சிகளும் இந்தப் பக்கம் வராமலிருக்கத்தான் இந்தக் கெடுபிடி. வாங்கியதை அழித்துவிடுகிறார்கள். தங்கச்சியிடம் சொல்லிவை, கறிவேப்பிலை, பச்சைமிளகாய், பழம், தேன் பாட்டில் எதுவும் வேண்டாம். பருப்புப்பொடி, ஊறுகாயை மறைக்காமல் எடுத்துக் காட்டிவிடுங்கள்.

அந்தச் சாலையில் வதந்தி புதிதில்லை. 1971 டிசம்பர் கடைசியில் யூக்லா பக்கம் கங்காருத் தோல் உடுத்திய ஒரு பொன்முடிப் பெண் கங்காருக் கூட்டத்தோடு திரிகிறாள் என்று ஒரு செய்தி கிளம்பியது. கங்காரு வேட்டைக்காரர்கள் பார்த்ததாகச் சொன்னார்கள், மங்கலான படமும் காட்டினார்கள். யூக்லாவில் அப்போது பத்துப் பேர்கூட இல்லை. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் எழுதின, நிருபர்கள் அந்த வனாந்தரத்துக்குப் படையெடுத்தார்கள். கடைசியில் ஊரார் சேர்ந்து விளம்பரத்துக்காகக் கட்டிவிட்ட கதை என்று 1972இல் வெளியே வந்தது. பல்லடோனியாவுக்கும் ஒரு கதை உண்டு. 1979 ஜூலையில் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் உடைந்து எஸ்பரன்ஸ் முதல் பல்லடோனியா வரை விழுந்ததே, அப்போது அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டரே ரோட்ஹவுஸுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார் என்று இன்றும் சொல்கிறார்கள். அங்கே இருக்கும் சின்ன அருங்காட்சியகத்தில் ஸ்கைலேப் துண்டைப் பார்க்கலாம், கட்டாயம் நில். இந்தக் கதைகளால் யாருக்கும் கேடில்லை, நாலு பேர் கூடுதலாக நின்று காபி குடித்துவிட்டுப் போவார்கள்.

நீ கேட்ட கதைகள் அந்த வகையில்லை, நண்பா. அதுதான் எனக்குக் கவலை. இரவில் தங்காதே என்ற பேச்சை நம்பினவன் என்ன செய்வான்? இருட்டில் ஓட்டுவான். அந்தச் சாலையில் உண்மையான ஆபத்து அதுதான். ஒட்டகம், வாம்பேட், கங்காரு மூன்றையும் போட்ட மஞ்சள் பலகைகளை அங்கே சும்மா வைக்கவில்லை. மாலை மங்கியதும் கங்காருக்கள் சாலையோரத்துக்கு வந்துவிடும், எதிரே பல பெட்டி கோத்த ரோட்டுரயில் லாரி வரும், அந்த நேரத்தில் திடீரென்று ஒடிக்க உனக்கு இடமிருக்காது. சாமான் போய்விடும் என்ற பயத்தில் உயிரைப் பணயம் வைப்பது என்ன கணக்கு? வெளிச்சம் போவதற்குள் அறைக்குப் போய்விடு. டிரெய்லருக்கு ஒரு நல்ல பூட்டுப் போடு, போதும்.

மூடப்போகிறார்கள் என்ற பேச்சை மட்டும் லேசாக விடமாட்டேன். அது நடக்கக்கூடியதுதான். வடக்கே டனமி சாலையில் ராபிட் ஃப்ளாட் ரோட்ஹவுஸ் 2010 டிசம்பர் 31 அன்று ஒரேயடியாக மூடிவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கடை போனால் அடுத்தது என்று ஒன்று பக்கத்தில் இருக்காது. எயர் நெடுஞ்சாலை அந்த அளவுக்கு மோசமில்லை. பெட்ரோல் கிடைக்கிற இடங்களுக்கு நடுவே 200 கிலோமீட்டரைத் தாண்டாது. பல்லடோனியாவிலிருந்து நார்ஸ்மன் சுமார் 190, பார்டர் வில்லேஜிலிருந்து நல்லர்போர் சுமார் 185, அவ்வளவுதான். பாதி டேங்குக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பிக்கொண்டே வந்தால் ஒரு கடை நிஜமாகவே மூடியிருந்தாலும் நீ நடுவழியில் நிற்கமாட்டாய். கிளம்புவதற்கு முதல்நாள் ஒவ்வொரு ரோட்ஹவுஸுக்கும் நீயே போன் போட்டு எண்ணெய் இருக்கிறதா, அறை இருக்கிறதா என்று கேள். எடுத்துப் பதில் சொல்வார்கள்.

2019 டிசம்பர் கடைசியிலிருந்து 2020 ஜனவரி வரை நார்ஸ்மன் பக்கம் காட்டுத்தீ பரவி இந்த நெடுஞ்சாலையையே ஏறக்குறைய 12 நாள் மூடிவைத்தார்களே, நினைவிருக்கிறதா? லாரிக்காரர்களும் குடும்பத்தோடு வந்தவர்களும் ரோட்ஹவுஸ்களில்தான் முடங்கிக் கிடந்தார்கள். நாம் வாய்க்கு வந்தபடி பேசுகிற அதே இடங்கள்தான். இருந்த சாப்பாட்டையும் தண்ணீரையும் வைத்துச் சமாளித்தவர்கள் அங்கே வேலை செய்கிறவர்கள்தான். ஒரு பொய்ப்பேச்சால் ஆட்கள் நிற்காமல் போய், வியாபாரம் படுத்து, உண்மையிலேயே ஒரு கடை மூடிவிட்டால் அடுத்த தீக்கு யார் கதவைத் திறந்துவைப்பார்கள்? இதை உனக்குச் சொன்ன அந்த நண்பர்களிடமும் எடுத்துச் சொல். அவர்களில் யாராவது நிஜமாகவே அந்தப் பம்பில் எண்ணெய் போட்டவரா, இல்லை கேட்டதைச் சொன்னவரா என்பதையும் விசாரித்து எழுது. ரசீது, தேதி, மெக்கானிக் சொன்ன வார்த்தை என்று ஏதாவது ஒன்று இருந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்ள நான் தயார்.

விமான டிக்கெட்டை இப்போதைக்கு வாங்காதே. கிளம்புவதற்கு முன் எரிபொருள் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டையும் மாற்றிவிடு, டிரெய்லர் டயருக்கு ஸ்டெப்னி ஒன்று தனியாக எடுத்துக்கொள். எந்த இரவு எங்கே தங்கப்போகிறாய் என்று எழுதினால் பெரியவனை நார்ஸ்மனுக்கு வரச் சொல்கிறேன், லீவு கிடைக்கும் என்கிறான். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். மகளுக்கு வாடகை வீடு பார்ப்பதற்கு எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டுச் சொல், இந்தச் சனிக்கிழமையே இரண்டு இடம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்