மாப்ளே, ஹெட்போனா இயர்போனா?

பாளையங்கோட்டை,
ஆடி மாதம்

அன்புள்ள மாப்ளே கணேசா,

உன் கடிதத்துக்குப் பதில் போடத் தாமதமானதற்கு ஊர்க் கோயில் கொடை விழாதான் காரணம். ஆடியில் நம் பக்கம் யார் வீட்டில் இருக்கிறார்கள்? அக்கா வீட்டார், தம்பி வீட்டார் என்று வந்து போகிறவர்களுக்குப் பாய் விரித்து மடக்கவே பொழுது சரியாக இருந்தது. குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுகிறதாம். நாங்கள் இன்னும் போகவில்லை. அம்மாவுக்கு முட்டு வலி கொஞ்சம் தேவலை. உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். காதுக்குள் செருகும் இயர்போன் வாங்குவதா, காதை மூடும் பெரிய ஹெட்போன் வாங்குவதா என்று கேட்டிருந்தாய். தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் கிண்டிக்குப் போய் வருகிற உனக்கு என் பதில்: வயர் வைத்த நல்ல இயர்போன் ஒன்று வாங்கு, மிச்சக் காசில் அதன் முனையில் மாட்டிக் காதுக்குள் செருகுகிற ரப்பர் டிப் அளவு அளவாக வாங்கு. இதோடு நிறுத்தினால் நீ விடமாட்டாய் என்று தெரியும். ஹெட்போன் பெரியது, அதனால் சத்தமும் பெரியதாகத்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பெங்களூருக்கு வேலைக்குப் போன பையன் தன் சென்ஹைசர் கம்பெனியின் எச்டி 600 ஹெட்போனை இங்கேயே விட்டுப் போயிருக்கிறான். 1997-இல் வந்த மாடல், இன்றைக்கும் விற்கிறார்கள். அதுவும் என் இயர்போனும் அருகருகே இருப்பதால் ஒன்றை மாற்றி ஒன்று கேட்க எனக்கு வசதி. இந்தக் கொடையில் அக்கா மகன் வில்லுப்பாட்டை முழுக்கப் பதிவு செய்தான். மேடைக்கு முன்னால் சின்ன ஸ்டீரியோ ரிக்கார்டரை ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருந்தான். சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. நடுவில் வீசுகோலோடு பாட்டுக்காரர், வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒத்துப் பாடுகிறவர்கள், உடுக்கு, ஜால்ரா, வில்லில் கட்டிய மணிகள், அடியில் குடம். கீழ்ச் சத்தத்திலிருந்து உச்சிச் சத்தம் வரைக்கும் எல்லாம் அதில் இருக்கிறது.

முதலில் குடம். குடத்தின் வாயில் தட்டும்போது வயிற்றில் வந்து விழுமே ஒரு சத்தம், அது என் இயர்போனில்தான் முழுதாக வந்தது. இத்தனைக்கும் அதன் டிரைவர், அதாவது உள்ளே அதிர்ந்து சத்தம் எழுப்புகிற தகடு, 10 மில்லிமீட்டர்தான். பெரிய ஹெட்போன்களில் பொதுவாக 40, 50 மில்லிமீட்டர் வைப்பார்கள். பிறகு எப்படி என்று கேட்பாய். காதுக் குழாயை டிப் இறுக்கி அடைத்துவிட்டால் உள்ளே மிஞ்சுகிற காற்று மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சக் காற்றை அழுத்த அந்தச் சின்னத் தகடு லேசாக அசைந்தால் போதும். ஆனால் டிப் சரியாகப் பொருந்தாமல் ஒரு இடுக்கு இருந்தால், பஞ்சரான டியூபில் காற்றடிப்பதுபோல அடிச்சத்தம் மொத்தமும் வெளியே போய்விடும். மணிச் சத்தமும் ஜால்ராவும் மட்டும் காதைக் குத்தும். கடையில் ஐந்து நிமிஷம் மாட்டிப் பார்த்துவிட்டு 'இயர்போன்ல பேஸே இல்லை' என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு டிப் அளவுதான் தப்பு. வலது, இடது இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தாதவர்களும் உண்டு. எனக்கே இடது காதுக்கு ஒரு அளவு பெரியது வேண்டும். எதிர்க் கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகு, சரியாக உட்காரும். பிறகு வாயைத் திறந்து மூடிப் பார். குடச் சத்தம் வந்து வந்து போனால் வேறு டிப்பை எடு.

ஆனால் மேடை என்று பார்த்தால் பெரியதற்குத்தான் வெற்றி. எச்டி 600-இல் வலத்தே பாடுகிறவர் வலத்தேயே உட்கார்ந்திருந்தார், இடத்தே பாடுகிறவர் இடத்தே. நடுவில் இருமல் வந்து தண்ணீர் கேட்டவர்கூட எந்தப் பக்கம் என்று தெரிந்தது. இயர்போனில் அத்தனை பேரும் என் மண்டைக்குள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இதற்குக் காரணம் காது மடல்தான். மடலின் மடிப்புகளில் பட்டு வருகிற சத்தத்தை வைத்துத்தான் எது எங்கிருந்து வருகிறது என்று மூளை கணக்குப் போடுகிறது. பெரிய ஹெட்போன் மடலுக்கு வெளியே நின்று ஒலிக்கிறது; இயர்போன் மடலைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது. போதாததற்கு எச்டி 600 முதுகு திறந்தது. சத்தம் பின்பக்கமும் தாராளமாக வெளியேறுவதால் அடைத்த மாதிரியே இருக்காது. இந்தத் திறந்த முதுகு ஏற்பாட்டையும் முதலில் கொண்டுவந்தது அதே கம்பெனிதான், 1968-இல், மஞ்சள் ஸ்பாஞ்ச் வைத்த எச்டி 414-இல்.

இத்தனை நல்லது சொல்லிவிட்டு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அந்த ஹெட்போன் கேட்கிற வீடு நம்மிடம் இல்லை மாப்ளே. திறந்த முதுகு என்றால் உள்ளே இருப்பது வெளியே போகும், வெளியே இருப்பதும் உள்ளே வரும். தலைக்கு மேலே ஃபேன், பக்கத்து வீட்டு மிக்சி, தெருமுனையில் பஸ் ஹாரன், ஆடி மாதம் என்றால் விடியும் முன்னே கோயில் குழாயில் பாட்டு. ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்கலாம் என்றால் வியர்வை. உன் ஃபிளாட்டில் இதைவிட அமைதி இருக்கிறதென்றால் சொல், நம்பிவிடுகிறேன். இன்னொன்று, எச்டி 600-க்கு இம்பிடன்ஸ், அதாவது மின்சாரத்துக்குக் காட்டுகிற தடை, 300 ஓம். போனோடு நேராகச் செருகினால் சத்தம் சோகை பிடித்துத்தான் வரும். சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஆம்ப் தனியாக வேண்டும், அது தனிச் செலவு.

மூடிய ஹெட்போன் வாங்கலாமே என்பாய். வாங்கலாம். ஆனால் நீயும் நானும் கண்ணாடிக்காரர்கள். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிவிடும், அந்த இடுக்கில் அடிச்சத்தம் ஒழுகும். நம் ஊர் வெயிலில் அந்த ரெக்சின் மெத்தை வியர்வையில் ஊறி உரிந்து, கறுப்புத் தூள் தூளாகக் கன்னத்தில் ஒட்டும். நாய்ஸ் கேன்சலிங் வைத்ததையும் யோசித்திருப்பாய். அது மைக்கில் வெளிச்சத்தத்தைப் பிடித்து அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அமுக்குகிறது. ரயில் ஓடுகிற 'கும்' என்ற ஒரே சீரான சத்தத்தை நன்றாகவே அமுக்கும். 'சாயா, காப்பி' என்று கத்திக்கொண்டு வருகிறவரிடம் அதன் ஜம்பம் அவ்வளவாகச் செல்லாது.

நான் அம்பாசமுத்திரத்துக்குச் செங்கோட்டை பாசஞ்சரில் போய் வருகிறேன் அல்லவா, சட்டைப் பையில் இயர்போன், அவ்வளவுதான். ஹெட்போன் என்றால் அதன் டப்பாவே பையில் சாப்பாட்டுத் தூக்கின் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஃபோம் டிப் போட்டால் தண்டவாளச் சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிடுகிறது, அதனால் வால்யூமும் குறைத்து வைக்கலாம். இது முக்கியம். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 90 என்றால் அதுவே 4 மணி நேரம்தான். ரயில் சத்தத்தோடு போட்டி போட்டு வால்யூமை ஏற்றினால் எந்தக் கருவியும் காதைக் கெடுக்கும். காருகுறிச்சி தாண்டும்போதெல்லாம் அந்த ஊர் அருணாசலத்தின் நாதஸ்வரத்தைப் போட்டுக் கேட்பது என் வழக்கம். பழைய ஒலிப்பதிவுதான், ஆனால் மூச்சு எடுக்கும் இடம்கூடக் கேட்கிறது.

இயர்போனில் தொல்லையே இல்லை என்று சொல்லமாட்டேன். நடக்கும்போது வயர் சட்டையில் உரசினால் அந்தச் சத்தம் உள்ளே பெரிதாகக் கேட்கும். வயரைக் காதுக்கு மேலே சுற்றி இறக்கினால் குறையும். நம் காலடியும் நம் மெல்லும் சத்தமும் மண்டைக்குள் இடிக்கும். காதழுக்கு, இயர்போன் முனையில் இருக்கும் சின்ன வலையை அடைத்துக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் சத்தம் கம்மியாகும், அவ்வப்போது துடைக்க வேண்டும். காதில் சீழ், புண் என்று ஏதாவது இருந்தால் தொடவே தொடாதே. டாக்டர்தான் முதலில். ரோட்டைக் கடக்கும்போது கழற்றிவிடு. இதை உனக்குச் சொல்வதைவிடத் தங்கச்சியிடம் சொல்வது உருப்படி.

வயர் இல்லாததை வாங்காதே என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் குட்டி பேட்டரி சில வருஷத்தில் சோர்ந்துவிடும், பெரும்பாலும் மாற்றவும் முடியாது. ஒன்று நழுவிப் பிளாட்பார இடுக்கில் விழுந்தால் இன்னொன்றை வைத்து என்ன செய்வாய்? உன் போனில் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை இல்லை என்றால் டைப்-சி கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிக்கொள்.

பெட்டியில் உச்சிச் சத்தம் '40 கிலோ ஹெர்ட்ஸ்' வரைக்கும் வரும் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுத்துவிடாதே. இளம் பிள்ளைகளின் காதே 20 கிலோ ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஐம்பதைத் தாண்டிய நமக்கு அதில் பாதிக்குச் சற்று மேலே வந்தாலே பெரிது. 'உள்ளே நான்கு டிரைவர், ஆறு டிரைவர்' என்பதற்கும் மயங்காதே. பேலன்ஸ்டு ஆர்மச்சர் என்கிற அந்தக் குட்டி டிரைவர் காது கேட்கும் கருவிகளிலிருந்து வந்தது. அந்தத் துறையிலிருந்து வந்த மீட் கில்லியன் 1991-இல் எட்டிமோட்டிக் ஈஆர்-4 இயர்போனைக் கொண்டுவந்தபோது ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு டிரைவர்தான் வைத்தார். அதை இன்றும் மெச்சுகிறார்கள்.

வாங்கியதும் எழுது. அக்கா மகனிடம் சொல்லி வில்லுப்பாட்டுப் பதிவை ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். ஆவணியில் கல்யாணத்துக்கு வரும்போது வாங்கிக்கொள். நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல், ஜங்ஷனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
சுடலை