மருத்துவருக்கு மேல்முறையீடு உண்டு, நோயாளிக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ அலட்சியம் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, புகார் கொடுக்க விரும்புவோருக்கு உள்ள வழிகளை நன்றாகவே விளக்கியிருந்தது. ஆனால், மருத்துவர்கள் மீதான புகாரை விசாரிக்கும் மாநில மருத்துவக் கவுன்சிலின் முடிவு ஏற்புடையதாக இல்லையென்றால் பாதிக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் டெல்லிக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நம்பி இன்று எவரும் இருந்துவிட முடியாது. கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் நுகர்வோர் மனுக்கள் எழுதிக் கொடுத்துவருபவன் என்ற முறையில் இதைத் தெரிவிக்க வேண்டியது என் கடமையாகிறது.

மருத்துவர்களின் தொழில் ஒழுக்கம் குறித்த 2002-ஆம் ஆண்டு விதிமுறைகளில் பின்னர் சேர்க்கப்பட்ட 8.8-ஆம் விதி, மாநிலக் கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும், ஆணை கைக்குக் கிடைத்த 60 நாட்களுக்குள் இந்திய மருத்துவக் கவுன்சிலிடம் முறையிடலாம் என்றது. அந்த அமைப்பு கலைக்கப்பட்டு, அதன் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையத்தை அமைக்கும் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019, 2020 செப்டம்பர் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 30-ஆம் பிரிவு, மாநிலக் கவுன்சிலின் நடவடிக்கையால் பாதிக்கப்பட்ட பதிவுபெற்ற மருத்துவர் ஆணையத்தின் நெறிமுறைகள் மற்றும் மருத்துவப் பதிவு வாரியத்திடம் முறையிடலாம் என்றும், அங்கும் நியாயம் கிடைக்கவில்லை என்று கருதினால் ஆணையத்திடமே முறையிடலாம் என்றும் சொல்கிறது. புகார் கொடுத்த நோயாளியைப் பற்றியோ அவருடைய குடும்பத்தாரைப் பற்றியோ அந்தப் பிரிவில் பேச்சே இல்லை. நோயாளிகள் தரப்பிலிருந்து சென்ற மேல்முறையீடுகள் இதே பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டதை நாளிதழ்களிலும் படித்தோம். 2023 ஆகஸ்ட் 2-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட புதிய நடத்தை விதிமுறைகள் அதே மாதம் 23-ஆம் தேதி நிறுத்திவைக்கப்பட்டுவிட்டதால் 2002 விதிமுறைகளே இன்னும் தொடர்கின்றன. ஆக, நோயாளிக்கான உரிமை விதிமுறையில் இருக்கிறது, அதற்கு மேலான சட்டத்தில் இல்லை. இரண்டும் மோதும் இடத்தில் சட்டமே நிற்கும் என்பது வழக்கறிஞரைக் கேட்டுத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

இது ஏதோ டெல்லி விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. அந்தியூர்ப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் கோப்பைப் பார்த்தவன் நான். பித்தப்பைக் கல்லுக்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்மணியை அன்றிரவே ஆம்புலன்ஸில் வைத்துக் கோவைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்த சில மணி நேரத்தில் அவர் இறந்துவிட்டார். முதல் மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டே பக்கம். அதன் கடைசி வரியில் நோயாளியின் நிலை ‘ஸ்டேபிள்’ என்று அச்சடித்திருந்தது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவேடுகளைக் கொடுத்தாக வேண்டும் என்று அதே 2002 விதிமுறைகள் சொன்னாலும், கேஸ் ஷீட் கைக்கு வர வாரக்கணக்கில் ஆயிற்று. வந்த காகிதக் கட்டிலும் மயக்க மருந்து கொடுத்த விவரம் அடங்கிய தாள் இல்லை. இறந்தவரின் மாமியார் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “காசு வேண்டாமுங்க. அன்னிக்கு ராத்திரி என்னாச்சுன்னு ஒருத்தர் சொன்னாப் போதுமுங்க.”

இந்தக் கேள்விக்கு நுகர்வோர் ஆணையத்தால் முழுமையாகப் பதில் சொல்ல முடியாது. அது இழப்பீட்டைத் தீர்மானிக்கும் இடம். மருத்துவர் தம் தொழில் நெறிப்படி நடந்தாரா, அவர் பெயர் பதிவேட்டில் நீடிக்கலாமா என்பதைப் பார்க்க வேண்டியது மருத்துவக் கவுன்சில்தான். மேலும், எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வாரா என்று உச்ச நீதிமன்றம் வி.பி.சாந்தா வழக்கில் 1995-லேயே சொல்லிவிட்டது. எனவே, கையில் காசில்லாமல் அரசு மருத்துவமனைக்குப் போன ஏழைக்குக் கவுன்சிலை விட்டால் பெரிய வழி எதுவும் இல்லை. அவருக்குத்தான் மேல்முறையீடும் இல்லை என்பது எந்த விதத்தில் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமே என்பார்கள். போடலாம். ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டத்துக்காரர்களுக்கு அதுவும் சென்னைதான். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் போய் வக்கீல் பார்த்து, ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டுவிட்டு அலைய எத்தனை பேரால் முடியும்?

மருத்துவர்களின் உரிமையைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொய்ப் புகார்களும் வரத்தான் செய்கின்றன. பல ஆண்டுகள் உழைத்துப் பெற்ற பதிவு ஓர் ஆணையில் போய்விடுமானால், அவர்களுக்கு இரண்டு படி மேல்முறையீடு இருப்பதே முறை. மருத்துவரின் செயலை மருத்துவர்களே எடைபோடுவதிலும் தவறில்லை, மயக்க மருந்தின் அளவு சரியா என்பது நமக்கு என்ன தெரியும்? ஆனால், சக மருத்துவர்கள் எடுத்த முடிவை ஒரு தரப்பு மட்டுமே மேலே கொண்டுபோகலாம் என்னும்போதுதான், நல்ல முடிவின் மீதும் ஊர் சந்தேகப்படுகிறது. மருத்துவமனை வாசலில் உடலை வாங்க மறுத்து மறியல் செய்வோரில் பலர், மனு கொடுத்துப் பயனில்லை என்று ஏற்கெனவே முடிவு கட்டியவர்கள்.

இதற்கு முன்மாதிரியைத் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன் 37-ஆம் பிரிவின்படி, மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு பிறப்பித்த ஆணையால் பாதிக்கப்பட்ட எவரும் 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலிடம் முறையிடலாம். அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். மாநிலக் குழு ஓராண்டுக்குள் விசாரித்து முடிக்காவிட்டால் அந்தப் புகார் தானாகவே மேலே மாற்றப்பட வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. மருத்துவ விதிமுறைகளிலும் ஆறு மாதக் கெடு இருக்கிறது. கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பது மேலிடத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

ஆகவே, 30-ஆம் பிரிவில் புகார்தாரரையும் சேர்க்கும் திருத்தத்தை நம் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டுப் பெற வேண்டும். எங்கள் கோபி அடங்கிய திருப்பூர்த் தொகுதியின் உறுப்பினருக்கும் இதைத் தனியே எழுதியுள்ளேன். திருத்தம் வரும்வரை மாநில அளவிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. புகாரைத் தள்ளுபடி செய்யும்போது, எந்தப் பதிவேடுகளைப் பார்த்தார்கள், எந்த நிபுணரின் கருத்தைக் கேட்டார்கள், அவர் என்ன சொன்னார் என்பதை ஆணையிலேயே எழுதி, புகார்தாரருக்குத் தமிழிலும் ஒரு படி கொடுக்கலாம். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை.

தங்கள் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. கவுன்சிலின் முடிவு வரட்டும், பிறகு இழப்பீடு கேட்டுக்கொள்ளலாம் என்று சிலர் காத்திருந்துவிடுகிறார்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டுதான் கெடு. கவுன்சிலில் புகார் நிலுவையில் இருப்பதால் அந்தக் கெடு தானாக நீளாது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம் என்றாலும் அதை ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் கையில். இரண்டு மனுக்களையும் ஒரே சமயத்தில் கொடுப்பதில் தடையேதும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.